மில் ஓடும் வரை பேசலாம்

மதினி,

இன்று காலையில் மல்லியும் மிளகாய் வற்றலும் வறுத்தேன். வெயிலில் காயவைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் மொட்டை மாடியை நம்ப முடியவில்லை. இருப்புச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன். வற்றல் நெடி வீடு முழுக்க ஏறியது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அடுத்தடுத்துத் தும்மினார். எழுந்து ஃபேனைக் கூட்டிவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். என்ன வறுக்கிறாய், எதற்கு வறுக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

நெடிக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நீங்கள் போன நாளிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்து போடுகிறேன். அழ வேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது. புத்திக்குத் தெரிந்து என்ன செய்ய.

வறுத்ததை ஆறவிட்டுச் சம்படத்தில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் போன பிறகு நான் அந்த மில்லுக்கு ஒரு தடவைதான் போனேன். அன்று அங்கே உங்கள் மகள் இருந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்லிவிட்டேன். அது சரிதானா என்று உங்களிடம்தான் கேட்க வேண்டும், நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன்.

நீங்கள் என் சம்பந்தி. உங்கள் மகளும் என் மகனும் விவாகரத்து வாங்கிக்கொண்டதால் பழைய சம்பந்தி என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு முறை நம் ஊரில் இல்லை. கல்யாணம் ஆனதும் நான் உங்களுக்கு மதினி, நீங்கள் எனக்கு மதினி; பேச்சில் மைனி. அது முறிந்தால் திரும்ப என்னவாக ஆவது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. முன்பு நாம் ஒருவருக்கொருவர் ஒன்றும் இல்லாதவர்களாக இருந்தோம், அதற்கே போய்விட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

சம்பந்தியாக இருந்த காலத்தில் நாம் உண்மையாக ஒரு வாக்கியம் பேசியது உண்டா? டவுனில் உங்கள் வீட்டுக்கு நாங்கள் வந்தால் நீங்கள் உட்கார மாட்டீர்கள். அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். நான் மாப்பிள்ளையின் அம்மா. நான் சாப்பிட்டு எழுந்திருக்காமல் உங்கள் வாயில் பருக்கை போகாது. சௌக்கியமா என்று கேட்பீர்கள், சௌக்கியம் என்பேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், ஏதோ சுமாராக வைத்தேன் என்பீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி அத்தனை ஜாக்கிரதை. எனக்கு உள்ளூர எரிச்சலாக இருக்கும். உங்களுக்கும் இருந்ததாம்; பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள்.

பிள்ளைகள் பெங்களூரில் இருந்தார்கள். ஒரு நாள் உங்கள் மகள் பெட்டியோடு உங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். அவர் என்னோடு பேசுவதில்லை என்றாள். அவள் சொன்ன காரணம் அவ்வளவுதான். ஒரே வீட்டுக்குள் மாதக்கணக்கில் பேசுவதில்லை, கேட்டால் பதில் இல்லை, நான் அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. இதைக் கேட்டுவிட்டுக் கவுன்சிலிங் நடத்திய அம்மா, குடிக்கிறாரா, அடிக்கிறாரா, சம்பளத்தைக் கொடுக்கவில்லையா என்று வரிசையாகக் கேட்டாராம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் உங்கள் மகள். அப்படியானால் என்னதான் பிரச்சினை என்றாராம் அந்த அம்மா. அதன் பிறகு ஊரில் எல்லோரும் அதையே கேட்டார்கள். கோர்ட் வராந்தாவில் நாம் எதிர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிர்க் கட்சிக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர், இனி அந்த வீட்டுப் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். அவருக்கு அது ரொம்பப் பெரிய பேச்சு.

சிந்துபூந்துறை மில்லில் வற்றலுக்குத் தனி மிஷின் இருக்கிறது. எங்கள் பாளையங்கோட்டையில் எல்லாவற்றையும் ஒரே மிஷினில் போட்டுவிடுகிறார்கள், அடுத்த நாள் இடியாப்பம் உறைக்கிறது. அதனால் நான் பாலம் தாண்டி வருவேன். நீங்களும் அதே காரணத்துக்காக டவுனிலிருந்து ஈரடுக்குப் பாலம் ஏறி இறங்கி வருவீர்கள் என்று எனக்குத் தெரியாது. தீர்ப்புக்குப் பிறகு ஒரு நாள் பையோடு உள்ளே நுழைந்தால் நீங்கள் நிற்கிறீர்கள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒரு பழைய காலண்டர்தான் இருந்தது. வற்றல் அரைக்கும் நாளில் உள்ளே யாரும் நிற்பதில்லை. கொடுத்துவிட்டு வெளியே தகரக் கூரைக்கடியில் போய் நிற்பார்கள். நாம் மட்டும் உள்ளேயே நின்றோம். வெளியே போனால் நாலு பேர் பார்க்கச் சேர்ந்து நிற்க வேண்டுமே என்ற பயம்தான். மில் அண்ணாச்சி மோட்டாரைப் போட்டார். மூக்கில் முந்தானையைப் பொத்திக்கொண்டு நீங்கள் பைய நகர்ந்து வந்தீர்கள். என் காதில் வாயை வைத்துச் சொன்னீர்கள்.

"மைனி, எளைச்சுப் போனீங்களே."

என் சொந்த வீட்டில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகியிருந்தது, தையல்காரர் மட்டும் கேட்டார். நான் உங்கள் பக்கம் தலையைச் சாய்த்தேன். அன்று ஆரம்பித்தது.

வற்றல் நாள் நமக்குத் தோதாக அமைந்துவிட்டது. மோட்டார் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூட ஒன்றும் கேட்காது. காதோடு வாய் வைத்துத்தான் பேச வேண்டும். கண் கலங்கினால் நெடி என்று நினைத்துக்கொள்வார்கள். அரைத்து முடிந்து மோட்டார் நின்றதென்றால் பேச்சும் நின்றுவிட வேண்டும். அப்படியே மீதியை அடுத்த தடவைக்கு வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கரண்ட் போய்விட்டால் ரொம்பச் சங்கடம். பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு தேங்காய் விலையைப் பற்றிப் பேசுவோம். இரண்டு சின்னக் குடும்பங்களுக்கு எதற்கு இவ்வளவு மிளகாய்ப் பொடி என்று அண்ணாச்சி ஒரு நாளும் கேட்கவில்லை. அரைத்த பொடியை எல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் நான் அக்கம்பக்கத்தில் கொடுத்துவந்தேன். எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் குழம்பும் நம்முடைய காரம்தான்.

ஒரு தடவை நான் உங்கள் மகளைப் பற்றி வாயெடுத்தேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று சொல்லப் போனேன் என்று நினைக்கிறேன். நீங்கள் என் வாய்க்கு நேரே கையை நீட்டிவிட்டீர்கள்.

"அவுங்கவுங்க பிள்ளைய அவுங்கவுங்க வைவோம் மைனி. அடுத்தவ பிள்ளைய வையண்டாம்."

அதையே பிடித்துக்கொண்டோம். பெற்ற பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல இந்த உலகத்தில் அம்மாவுக்கு ஓர் இடம் கிடையாது. சொந்தக்காரர்களிடம் சொன்னால் ஊரெல்லாம் பரவிவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால் வளர்ப்பு அப்படி என்பார். நமக்கு அந்த இடம் கிடைத்தது. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறாள், ஒரு சொல் தாங்க மாட்டாள், சோற்றில் கோபத்தைக் காட்டுகிறாள் என்று நீங்கள் வைவீர்கள். நல்ல நாள் பொல்லாத நாளுக்கு ஒரு பூங்கொத்துப் படம் அனுப்புகிறான், அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வாய் இல்லை என்று நான் வைவேன். வைது முடித்ததும் இரண்டு பேருக்கும் பசிக்கும்.

குறுக்கெழுத்தில் ஒரு நாள் ஒரு சொல் வந்தது. இரண்டு பேர் மட்டும் தனித்துப் பேசுவதற்கு இங்கிலீஷ்காரர்கள் பிரெஞ்சிலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட சொல். கல்லூரி லைப்ரரியில் அத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கு இந்த மாதிரி உதிரிச் சாமான்கள் நிறைய என் தலையில் கிடக்கின்றன. மறுநாள் உங்களிடம் சொன்னேன், தேத்-ஆ-தேத், தலையும் தலையும் என்று அர்த்தம். நீங்கள் என் நெற்றியில் உங்கள் நெற்றியை வைத்துக்கொண்டே சிரித்தீர்கள்.

"ரெண்டு பேரு பேசுததுக்கு வெள்ளக்காரன் அடுத்த ஊருல போயி வார்த்தை கடன் வாங்குவானா மைனி? அப்போ அவனுக்கும் வீட்டுல பேச ஆளு இல்ல போல."

அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. ஞாபகம் வந்தும் ஒன்றும் ஆகவில்லை.

சொல்ல வேண்டியது இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஒரு வற்றல் நாள் நீங்கள் வரும்போதே முகம் சரியில்லை. முந்தின நாள் மகளோடு சண்டை. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பொரிந்து தள்ளினீர்கள்.

"நானும் கேக்கேன், பேசலன்னா என்ன மைனி? அடிக்கலை, குடிக்கலை. எங்க வீட்டுல அவுங்க இருந்த வரைக்கும் எங்கிட்ட உக்காந்து பேசுனதுண்டா? இவ சொல்லுதத நான் நம்பல. இவதான் என்னமோ செஞ்சிருக்கா, மறைக்கா."

உங்கள் பிள்ளையைப் பற்றி நான் பேசக் கூடாது. என் பிள்ளையைப் பற்றிப் பேசலாம். அதனால் பேசினேன். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அவன் அப்பாவோடு ஏதோ மனத்தாங்கல் வந்து, வருஷம் முழுக்க இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்ததைச் சொன்னேன். அதற்கு முன்னால் அதே அப்பா என்னோடு பேசாமல் இருந்த காலங்களைச் சொன்னேன். பெங்களூரில் அவர்கள் வீட்டில் நான் போய்த் தங்கியிருந்தபோது கண்ட காட்சியைச் சொன்னேன். உங்கள் மகள் தட்டு வைத்துவிட்டுச் சாதம் போடட்டுமா என்று கேட்கிறாள். அவன் நிமிரவில்லை. திரும்பவும் கேட்கிறாள். அவன் என்னைப் பார்த்து, அம்மா, நான் வெளியில் சாப்பிட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல் என்கிறான். அவள் அங்கேயே கரண்டியோடு நிற்கிறாள். ஒரு நாள் இல்லை, நான் இருந்த நாள் எல்லாம் அப்படி.

"பேசாமயே ஆளக் கொல்லுதது எங்க வீட்டு ஆம்பளைகளுக்குக் கைவந்த வேல மைனி. உங்க மவ சொன்னது அவ்வளவும் நெசம். நான் கண்ணால கண்டேன்."

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. மில் அடங்கிவிட்டது. வெளியே யாரோ செருமினார்கள். நீங்கள் மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றீர்கள், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி எட்டிப் பார்த்ததும், மல்லி நல்லா வறுபட்டிருக்கு அண்ணாச்சி என்றீர்கள். கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகுதான் உங்களுக்குக் குரல் வந்தது.

"பெத்தவ நானே நம்பலையே. இப்போ நம்புதேன்னு அவகிட்ட எப்படிப் போய்ச் சொல்லுவேன்? எப்படித் தெரியும்னு கேப்பாளே. உங்களச் சொல்லணுமே."

உங்களுக்கு வந்த கஷ்டம் அதுதான். நம்புகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் நம் பேச்சை வெளியே விட வேண்டும். எங்கள் வீட்டில் தெரிந்தால் என் பாடு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளுக்குத் தெரிந்தாலும், எதிராளி வீட்டில் போய் ஒட்டிக்கொண்டாளே அம்மா என்று அவள் உடைந்துபோவாள் என்று பயந்தீர்கள். அதனால் சொல்லாமலேயே காட்டப் பார்த்தீர்கள். வைவதை நிறுத்தினீர்கள். அவளுக்குப் பிடித்த சொதியை அடிக்கடி வைத்தீர்கள். நேற்றுச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை என்று ஒவ்வொரு வற்றல் நாளும் எனக்குச் சொல்லுவீர்கள். நான், அடுத்த வாரம் சொல்லுங்கள் என்பேன். இரண்டு பேருக்குமே நாள் நிறையக் கிடக்கிறது என்ற நினைப்பு.

போனில் நாம் எச்சரிக்கையாக இருந்தோம். என் போனில் நீங்கள் "மில்லு". உங்கள் போனில் நான் "மாவு மில்லு". கூப்பிட்டால் பெயர் சொல்வதில்லை, இன்றைக்கு மிஷின் ஓடுமா என்று கேட்பது, ஓடும் என்றால் வருகிறேன் என்று அர்த்தம். ரொம்பக் கெட்டிக்காரிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வற்றல் நாள் காலை போன் அடித்தது. மில்லு என்று வந்தது. நான் எடுத்த எடுப்பில், "ஓடும் மைனி, பத்து மணிக்கு வந்துருங்க" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் மகளின் குரல் கேட்டது.

"அத்தையா?"

அவளே மேலே பேசினாள், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

"அம்மா தவறிட்டா அத்தை. காலையில எந்திரிக்கல. வத்தலக் கட்டி வாசல்ல வச்சிருந்தா, அதான் மில்லுல சொல்லிருவோம்னு கூப்பிட்டேன்."

வைத்துவிட்டாள். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். மில்லிலிருந்து, இன்றைக்கு ஓடாதாம் என்றேன். அவர் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் நான் தோசை வார்த்தேன், மதினி. அவருக்கு வேண்டிய அளவு வார்த்தேன், ஒன்றுகூடக் கருகவில்லை.

வேறு மில்லுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வற்றல் பையோடு கிளம்பினேன். பையை எங்கேயாவது வைத்துவிட்டு வந்திருக்கலாம், தோன்றவில்லை. உங்கள் வீட்டு வாசலில் தெருப் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கோடி போடுகிற நேரம். பிறந்த வீட்டுக் கோடி என்று கூப்பிட்டதும் உங்கள் தம்பி சேலையைக் கொண்டுவந்து போர்த்தினார். காரியத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அசலூர்க்காரர் போல. பழக்க தோஷத்தில் அடுத்ததையும் கூப்பிட்டுவிட்டார்.

"சம்மந்தி வீட்டுக் கோடி வாங்க."

யாரோ அவர் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார்கள். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மற்றதைப் பார்க்கப் போனார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அடையாளம் தெரிந்தவர்கள் இல்லையோ என்னவோ. உங்கள் மகள் மட்டும் பார்த்தாள். உங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பையைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் உங்கள் பக்கத்தில் வரவில்லை, மதினி. வந்து உங்கள் காதில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். இந்த நேரத்தில் என்ன குளியல் என்பது போல என் வீட்டுக்காரர் பார்த்தார். வற்றல் நெடி என்றேன்.

பதினாறு கழிந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். வழக்கமான கிழமையில் கால் தன்னால் மில்லுக்குப் போனது. உள்ளே நீங்கள் நிற்கிற இடத்தில் உங்கள் மகள் நின்றாள். நீங்கள் கட்டி வைத்த அதே வற்றல் பை காலடியில் இருந்தது. அம்மா எந்தக் கிழமை வருவாள் என்று அண்ணாச்சியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். முகம் இறுகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது அவளுக்கு.

"எங்கிட்டப் பேசாத பேச்சு அப்படி என்ன அத்தை உங்ககிட்ட?"

அண்ணாச்சி வெளியே நின்றவர்களை எட்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மோட்டாரைப் போட்டார். சத்தத்தில் அவளுடைய அடுத்த வார்த்தை எனக்குக் கேட்கவில்லை. அவள் கிட்டே வந்தாள். உங்களைப் போலவே அவளும் உயரம். குனிந்து என் காதுப் பக்கம் வந்தாள். அவள் என் வீட்டு மருமகளாக இருந்த காலத்தில்கூட அத்தனை பக்கத்தில் வந்ததில்லை.

அம்மா என்னைப் பற்றி என்ன சொல்லுவாள் என்று கேட்டாள். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஈரத் துண்டு, கோபம், சோறு, எல்லாம் நீங்கள் சொன்னவை, உங்கள் பிள்ளை. என்னால் சொல்லக்கூடியது என் பிள்ளையைப் பற்றி மட்டும்தான். உங்களிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு, மேஜை, அவன் அப்பா, பெங்களூர், கரண்டி. தப்பு எம் மவன் மேலம்மா, நீ சொன்னது நெசம், உங்க அம்மாகிட்ட இத நான் சொல்லியிருக்கேன் என்றேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. என் மகனுக்கு இப்போது வேறு பெண் பார்க்கிறார்கள்; வருகிறவளிடம் யாராவது சொல்ல வேண்டும், அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கும். அது அப்புறம்.

உங்கள் மகள் அசையாமல் கேட்டாள். கேட்டு முடித்த பிறகு நிமிர்ந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். திரும்பவும் குனிந்தாள்.

"அப்போ அம்மா என்னய நம்புனாளா அத்தை?"

"நம்புனாங்க."

"ஒரு தடவ சொல்லியிருக்கலாம்லா."

சொல்ல எவ்வளவோ தவித்தாங்க, எனக்காகத்தான் அடக்கிக்கிட்டாங்க என்றேன். அது உண்மை. அதோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. நீங்கள் பயந்த பயமெல்லாம் வீண், மதினி. நாம் பேசிக்கொண்டிருந்தது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவளுக்கு வேண்டியது வேறு.

"முதல்லேருந்தேவா?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்க நேரம் இருந்தது. முதலில் நிறைய நாள் உங்கள் அம்மா உன்னை நம்பவில்லை, நான் சொன்ன பிறகுதான் நம்பினாள் என்று சொல்லலாம். அதுதான் நடந்தது. ஆனால் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று உங்கள் வாசலில் நின்ற பெண்தான் என் முன்னால் நின்று இதைக் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஊரில் ஒருவரும் நம்பாதபோது வீட்டுக்குள் ஒரு ஆளாவது நம்பியதா என்று கேட்கிறாள்.

"ஆமாம்மா. முதல்லேருந்தே" என்றேன்.

அவள் என் தோளில் தலையை வைத்து அழுதாள். உடம்பு முழுக்கக் குலுங்கியது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பொடி சூடாக இறங்கியது. உங்கள் வற்றலை அவள் வாங்கிக்கொண்டாள், என்னுடையதை நான் வாங்கிக்கொண்டேன். வாரேன் அத்தை என்றாள். அந்தப் பக்கம் போனாள்.

நம் பேச்சில் பொய் கிடையாது. எத்தனை வருஷம், ஒரு பொய் சொல்லியிருப்போமா? கடைசியில் நான் ஒன்றைக் கலந்துவிட்டேன். உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தினமும் யோசிக்கிறேன். பாவி, நல்லதுதான் செய்தீர்கள் என்பீர்களா, இல்லை எம் மவளப் பத்தி நீங்க எப்படிப் பேசலாம் என்பீர்களா, எனக்குத் தெரியவில்லை. இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. அழுகை வரவில்லையே ஒழிய, இது தெரிகிறது.

"இவ சொல்லுதத நான் நம்பல" என்று நீங்கள் என் காதில் சொன்னது அந்தக் காதிலேயே இருக்கிறது. உங்கள் மகள் இனி எத்தனை தடவை கேட்டாலும் அதை வெளியே எடுக்க மாட்டேன். நீங்கள் உங்கள் மகளை நம்பாத ஒரு காலம் இருந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், மதினி. நான் போகும்போது அதுவும் என்னோடு போய்விடும்.